மாட்டு டாக்டர் பார்த்த ஜீப்

என் மனைவி மாட்டு டாக்டர். இதைச் சொன்னதும் கேட்பவர் என்னை ஒருமுறை மேலிருந்து கீழே பார்ப்பார். பிறகு, "அப்ப வீட்டுலயே வைத்தியம்னு சொல்லுங்க" என்பார். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்தில் இந்த ஜோக்கைச் சொல்லாத ஆள் கிடையாது. அதில் பாதிப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு அரசு வேலை கிடைத்தது. இரண்டு இடம் காலி. ஒன்று, மாகடி தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகம். இன்னொன்று, பெங்களூரிலேயே அலுவலகத்தில் உட்கார்ந்து கோப்பு பார்ப்பது. எது வேண்டும் என்று தீபாவளி கழிந்த திங்கட்கிழமை அவள் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கிராமம்தான் வேண்டும். "மாட்டைத் தொடத்தானே படிச்சேன், ஃபைலைத் தொடவா?" என்றாள்.

என் மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. மாநகராட்சியில் தெரு பெருக்கும் வேலை பார்த்து, அந்தச் சம்பளத்தில் மகளை டாக்டராக்கியவர். வாழ்நாள் முழுக்க வெயிலில் நின்றவருக்கு மகள் ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும் என்று ஆசை. அதில் தப்புச் சொல்ல முடியாது. அவர் வீட்டில்தான் நாங்கள் குடியிருந்தோம் என்பதால் நான் எதிலுமே தப்புச் சொல்வதில்லை.

அந்தக் கிராமத்துக்கு பஸ் போகாது. பெரிய ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து மருந்துப் பெட்டியோடு உள்ளே போக ஒரு வண்டி வேண்டும். அங்கேதான் நான் நுழைந்தேன். அவென்யூ ரோடு நடைபாதையில் பழைய வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகள் வாங்கிப் படித்துப் படித்து, ஜீப் ஓட்டாமலேயே ஜீப்பைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக ஆகியிருந்தேன். ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். இயந்திரங்களுக்கு வரைபடம் போடுவேன். அதனால் எதையும் பென்சிலால் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கை வேறு. ராணுவம் கழித்துவிட்ட ஒரு பழைய டீசல் ஜீப்பைப் பிடித்து வந்தேன். சந்துக்குள் அது நுழையாது. முனையில் பால் பூத் பக்கத்தில் நிறுத்துவோம். பால் வாங்க வருகிறவர்கள் எல்லாம் அதன் மேல் சாய்ந்து நின்று அரசியல் பேசுவார்கள்.

முதல் முறை கிராமத்தைப் பார்க்கப் போனபோது நான் தொப்பி போட்டிருந்தேன். இது கதைக்கு அவசியம். பெரிய ரோட்டை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை குறுக்கே போகிறது. தண்ணீர் குறைவு, பாறை அதிகம். ஜீப்பின் முன் அச்சு நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு இரும்புக் குண்டு இருக்கும், டிஃபரென்ஷியல். அது ஒரு பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான்கு சக்கரமும் சுற்றின. வண்டி மட்டும் நகரவில்லை.

ஒரு விவசாயி மாடு கட்டி இழுத்துவிட்டார். இழுத்து முடித்ததும் என் தொப்பியைப் பார்த்து, "டாக்டர் சாரே, நம்ம எத்தினுக்குக் கண்ணில நீர் வடியுது" என்று பாதி கன்னடம் பாதி தமிழில் ஆரம்பித்தார். எத்து என்றால் எருது. நான் தொப்பியைக் கழற்றினேன். அதற்குள் என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடைக்குள் நின்று அந்த எருதின் இமையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒட்டியிருந்த ஒரு வைக்கோல் சுணையை முந்தானை நுனியால் எடுத்துக் காட்டினாள்.

"யாவாக பர்த்தீரா?" என்றார் அவர். எப்போது வருவீர்கள் என்று.

அவள் எருதின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். வீடு வரும்வரை எதற்கோ சிரித்துக்கொண்டே வந்தாள். எங்கே போக வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டது எனக்குத் தெரிந்தது. மிச்சம் இருந்தது அந்தப் பாறைதான்.

பாறையைத் தூக்க முடியாது, வண்டியைத் தூக்கலாம். ஒக்கலிபுரத்தில் எங்கள் ஜீப்பைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அடக்கம் என்ற குணத்துக்கும் அவருக்கும் ஏதோ பழைய தகராறு. "நான் கை வெச்சா வண்டி சார், கை வெக்கலைனா இரும்பு சார்" என்பார். நான் பத்திரிகைப் படத்தைக் காட்ட, அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆயித்து சார், இதுக்கு மேலயே பண்ணலாம்" என்றார்.

வண்டியைத் தாங்குகிற கமான் பட்டைகளில் கூடுதலாக ஒரு இலை, அதாவது இன்னொரு பட்டை, போட்டோம். அந்தப் பட்டையின் முன் நுனி, வண்டிச் சட்டத்திலிருந்து சாக்கிள் என்கிற இரும்புத் துண்டில் தொங்கும். அதை நீளமானதாக மாற்றினோம். பெரிய டயர். வண்டி நாலு விரல் எழும்பி நின்றது. நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். என் மாமியாரும் பார்த்தார். காலை எங்கே வைத்து ஏறுவது என்று தேடினார்.

"இது வண்டியா, மொட்டை மாடியா?"

வந்த ஆயுத பூஜைக்கு ஜீப்பைக் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பெங்களூரில் அன்றைக்குக் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள்கூட மாலை போட்டுக்கொண்டுதான் இருக்கும். எங்கள் ஜீப் மணமகன் மாதிரி நின்றது. மறுநாள் ஓட்டிப் பார்த்தபோதுதான் மணமகனுக்குக் கை கால் உதறல் இருப்பது தெரிந்தது.

மூன்று புகார். ஒன்று, பின்னால் எங்கோ 'டொம்' என்று ஒரு இடி. இரண்டு, வண்டி நேராகப் போகாது. ரோடு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம் நகரும், நான் இழுத்துப் பிடித்தால் எதிர்ப்பக்கம் போகும். குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று நினைத்து ஒரு ஆட்டோக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டார். மூன்றாவதுதான் பயங்கரம். கொஞ்சம் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால், முன் சக்கரங்கள் இரண்டும் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதற ஆரம்பிக்கும். ஸ்டியரிங் என் கையை உதறித் தள்ளிவிட்டுத் தானே ஆடும். ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். அப்போது நான் கத்திய கத்தல் வீரமானது என்று சொல்லிக்கொள்ள ஆசை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி வேறு மாதிரி சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் மகளைப் பார்த்துச் சொன்னார். "நான் சொன்னா கேக்க மாட்டே. வண்டியே சொல்லுது பாரு, போவாதேன்னு. இன்னாத்துக்கு இந்தக் கஷ்டம்? ஆபீஸ்ல குந்து."

 ராத்திரி அவள் என்னிடம் மட்டும், "இந்த வண்டியில என்னால தனியா போக முடியாதுங்க. உதறுனா என் கையில நிக்காது. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைனா ஆபீஸுக்கே எழுதிக் குடுத்துடறேன்" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஒரு ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை.

பாய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "கிங் பின் சார். பக்கா." முன் சக்கரம் எதன் மேல் திரும்புகிறதோ அந்த முளை. அதன் பேரிங்கை மாற்றினார். மாற்றும்போதே, "டை ராடும் போட்டுடலாம்" என்றார். இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி அது. ஸ்டியரிங் பெட்டியையும் இறுக்கினார். நானும் என் பங்குக்குப் பத்திரிகையைப் புரட்டி, சக்கரத்தைத் தராசு நிறுத்துவதுபோல் பேலன்ஸ் பண்ணச் சொன்னேன். டயர் காற்றையும் குறைத்தோம். எல்லாம் ஒரே நாளில். முடித்துவிட்டு இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். ஓட்டிப் பார்த்தோம். உதறல் அப்படியே இருந்தது. கொஞ்சம் புதுப் பளபளப்போடு.

என் மனைவி பாயின் ஷெட்டுக்கு வந்தது அதன் பிறகுதான். என்னென்ன செய்தோம் என்று கேட்டாள். நாங்கள் பெருமையாக ஒப்பித்தோம்.

"ஒரு மாட்டுக்கு ஒரே நாள்ல அஞ்சு ஊசி போட்டா, எதுல பொழச்சுது, எதுல செத்துதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"மேடம், இது வண்டி மேடம். பசு இல்ல" என்றார் பாய்.

"ரெண்டுக்கும் வாய் பேச வராது பாய். கேக்கற விதம் ஒண்ணுதான்."

பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். மாட்டின் சொந்தக்காரனைக் கேட்பது மாதிரியே. எப்போதிலிருந்து? அதற்கு முன்னால் நன்றாக இருந்ததா? அதற்கு முந்தின நாள் என்ன மாற்றினீர்கள்? தீனி புதுசா? நான் மாட்டின் சொந்தக்காரன் மாதிரியே, "எல்லாம் எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிட்டு, பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "வண்டியைத் தூக்கினோம், பூஜை போட்டோம்" என்றேன்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு. இல்லை, ரெண்டுமே. நாளைக்கு நடக்க விட்டுப் பாக்கலாம்."

நொண்டுகிற மாட்டை டாக்டர்கள் எடுத்த எடுப்பில் தொட மாட்டார்களாம். கெட்டித் தரையில் நடக்க விட்டு, பின்னால் நின்று பார்ப்பார்கள், முன்னால் நின்று பார்ப்பார்கள். திருப்பி விட்டுப் பார்ப்பார்கள். நோகிற காலை மாடு தானே காட்டிக்கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை மாகடி ரோட்டில், ஊர் முடிந்து ராகி வயல் தொடங்குகிற இடத்தில் அவள் ரோட்டோரம் நின்றாள். நான்தான் மாடு. ஓட்டிப் போனேன், திரும்பி வந்தேன், போனேன், வந்தேன். ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்து ஒரு போஸ் கொடுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தைப் பார்த்தாள்.

"அந்த டொம் சத்தம் எப்ப வருது?"

"பள்ளத்துல."

"இல்ல. பள்ளத்துல வரல, நான் கேட்டுட்டே இருக்கேன். பிரேக் போட்டா ஒரு தடவை வருது. கிளம்புனா ஒரு தடவை வருது. பட்டையில கோளாறுன்னா குதிக்கும்போதுதானே வரணும்? இது உள்ள ஏதோ உருளுது."

நான் பின் ஸீட்டைத் தூக்கினேன். கீழே கருவிப் பெட்டி. அதற்குள் ஸ்பானர்களுக்கு நடுவே, மஞ்சள் துணியில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, மட்டை உரிக்காத முழுத் தேங்காய் ஒன்று சாவகாசமாகப் படுத்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மாமியார் தேங்காயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தேங்காயைப் பிடுங்கிக்கொண்டார்.

"எதுக்கு எடுத்தீங்க? ஆயுத பூஜைல வெச்சு எடுத்தது. வண்டிக்குத் திருஷ்டி படக்கூடாதுன்னு நான்தான் போட்டேன்."

"போகவே வேணாம்னுதானேம்மா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"போவ வேணாம்னு சொல்றேன். போனா நல்லபடி போவணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். என் மனைவி வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். நான் வழக்கம்போல எதிலும் தப்புச் சொல்லாமல் நின்றேன்.

சத்தம் போயிற்று. மிச்சம் இரண்டு. அவள் பார்த்தவரையில் சொன்னாள்: "பாய் சொன்ன முளை, கம்பி எதுலயும் ஆட்டம் இல்ல. நல்லாத்தான் பண்ணியிருக்காரு. ஆனா சக்கரத்துக்கு நேரா நிக்கணும்னு எண்ணமே இல்ல. திருப்பி விட்டுட்டுக் கையை எடுத்தா திரும்பி வர்றதில்ல. தூக்கினதுக்கு முன்னாடி வந்துதா?"

வந்தது. அதைக் கேட்டதும் எனக்குள் இருந்த டிராஃப்ட்ஸ்மேன் எழுந்து நின்றான். சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக நிற்காது, மேல் பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. ஜீப்பின் முன் அச்சுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. முன்னால் சாக்கிளை நீட்டியதால் பட்டையின் மூக்குத் தாழ்ந்து, அச்சு முன்பக்கம் சுழன்று, அந்தச் சாய்வு காணாமல் போய்விட்டது. அதனால்தான் அலைகிறது. ஒரு பள்ளம் இடித்தால் சக்கரம் தன் நேரைக் கண்டுபிடிக்க முடியாமல் இரண்டு பக்கமும் தேடுகிறது. அந்தத் தேடல்தான் உதறல். மருந்து சுலபம். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு இரும்பு ஆப்பு. ஒரு பக்கம் தடிப்பாக, ஒரு பக்கம் மெல்லிசாக. தடித்த பக்கம் முன்னால் இருந்தால் அச்சு பின்னால் சாய்ந்துவிடும்.

இவ்வளவையும் நான் ஷெட் சுவரில் சாக்பீஸால் வரைந்தேன். ஜீப், பட்டை, அச்சு, ஆப்பு, அம்புக்குறி. கோணம்கூடப் போட்டேன். என் உத்தியோக வாழ்க்கையிலேயே அவ்வளவு அழகாக வரைந்ததில்லை. பாய் ரசித்தார். "சார், இதை ஃப்ரேம் போடலாம்." அவர் ஆப்பு வெட்டி, அராவி, வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டு பூட்டினார். இந்த முறை என் மனைவியின் உத்தரவு: வேறு எதையும் தொடக் கூடாது. ஒரு ஊசி, ஒரு மாடு.

வெள்ளிக்கிழமை சோதனை. அவள் ஓட்டினாள், தனியாகப் போக வேண்டியவள் அவள்தானே. சக்கரத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதால் பாய் தன் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஜீப்புக்கு இணையாக ஸ்கூட்டர் ஓட, நான் பாயின் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளியே சாய்த்து, முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனேன். வழியில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"ஏன்ரீ, ஏனு மாட்தாயிதீரா?" என்ன செய்கிறீர்கள் என்று.

"சக்கரம் பார்க்கிறேன் சார்."

அவர் பாயைப் பார்த்தார். "இவருக்கு எப்ப இருந்து இப்படி?"

"கல்யாணம் ஆனதுல இருந்து சார்" என்றார் பாய். போலீஸ்காரர் விட்டுவிட்டார்.

அதற்குள் ஜீப் முன்னால் ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தது. அவள் கீழே இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னும் மோசம். முன்னல்லாம் திரும்பி வரல, அவ்வளவுதான். இப்ப திருப்பின பக்கமே ஓடுது. கொஞ்சம் விட்டா வயலுக்குள்ள போயிருப்பேன்."

பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். ஆப்பைக் கழற்றிவிடலாம் என்றேன். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். மூன்று நாள் கழித்துத் திங்கட்கிழமை. அவள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுப்பாள். சிரித்துக்கொண்டேதான் கொடுப்பாள். பிறகு முப்பது வருஷம் கோப்பு. ஓடையில் நின்று எருதின் இமையை விரித்துப் பார்த்தவளை இனி நான் பார்க்கப் போவதில்லை. இதை எல்லாம் நினைத்தபோது என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. அபூர்வமான தருணம் அது. பாய்கூட, "சார், தண்ணி குடிங்க" என்றார்.

அவள் மட்டும் யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு முகம் மெல்லத் தெளிந்தது.

"கழட்ட வேணாம். ஆப்பு ஒண்ணைத்தானே மாத்தினோம்? அதனாலதானே இவ்வளவு வித்தியாசம்? அப்ப நோய் இருக்கற இடம் அதுதான். மருந்து வேலை செய்யுது. தப்பான பக்கமா வேலை செய்யுது."

ஷெட்டுக்குத் திரும்பினோம். வண்டியை எப்போதும் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள். என்னைச் சுவரில் இருந்த என் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இதுல ஜீப்போட மூக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்" என்றேன். நான் எந்த வண்டியையும் இடது பக்கம் பார்த்துத்தான் வரைவேன். பதினைந்து வருஷப் பழக்கம்.

"இப்ப திரும்பி நிஜ ஜீப்பைப் பாருங்க."

திரும்பினேன். நிஜ ஜீப்பின் மூக்கு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் ஆளுக்கு வலது பக்கம் இருந்தது. பாய் வண்டிக்கு அடியில் படுத்தபடி, சுவரில் இடது பக்கம் தடிப்பு என்று பார்த்து, அப்படியே இடது பக்கம் தடிப்பாகப் பூட்டியிருந்தார். அதாவது பின்னால். அச்சின் சாய்வு எவ்வளவு குறைந்திருந்ததோ, அந்த அழகான படம் இன்னும் அவ்வளவு குறைத்திருந்தது.

பாய் சுவரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார்.

"சார், படம் கரெக்ட்தான்" என்றார் பாய், நட்பை விட்டுக்கொடுக்காமல். "ஜீப்தான் திரும்பி நிக்குது."

என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். தகர டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஒரு டிராஃப்ட்ஸ்மேன் தன் மனைவியை இவ்வளவு மகிழ்ச்சிப்படுத்த முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாய் படுத்து ஆப்பைத் திருப்பிப் பூட்டினார். இந்த முறை படத்தைப் பார்க்கவில்லை. நான் வண்டியின் மூக்கில் கை வைத்துக்கொண்டு, "இது முன்னால், பாய், இது முன்னால்" என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

அடுத்த சோதனைக்கு மாமியாரும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் மருந்துப் பெட்டிக்குப் பதிலாக ஏதாவது கனம் வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, "நான் குந்தறேன்" என்றார். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏற்றினோம். ஏறி உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

அதே மாகடி ரோடு. பைப் போடத் தோண்டி, மூடாமல் விட்ட பள்ளம் ஒன்று உண்டு. எங்களை முதல் தடவை உதறவைத்தது அதுதான். அவள் அதை நோக்கி வேகம் எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் பங்குக்கு இல்லாத பிரேக்கை மிதித்தேன். சக்கரம் இறங்கியது. 'தடக்'. ஏறியது. ஸ்டியரிங் ஒரு முறை துள்ளி, நின்றுவிட்டது. அவள் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். வண்டி அதன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

திரும்ப ஒரு முறை விட்டாள். இன்னொரு முறை. லேசான ஒரு நடுக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. அதைச் சொன்னதற்கு பாய், "அது வண்டியோட சுபாவம் மேடம்" என்றார் பிற்பாடு. அவளும் ஒப்புக்கொண்டாள். வயசான மாடு, கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கும் என்றாள்.

திரும்பும் வழியில் மாமியார் கண்ணைத் திறந்து வெளியே வேடிக்கை பார்த்தபடி வந்தார். வீட்டு முனை வந்ததும் ஸ்டூலுக்காகக் காத்திருந்தார். இறங்காமலே கேட்டார்.

"அந்த ஊர்ல உன்னை டாக்டரம்மான்னுதானே கூப்டுவாங்க?"

"ஆமாம்மா. ஆனா முதல் நாள் இவரைத்தான் டாக்டர்னு நெனச்சாங்க."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஊர்க்காரர்கள் மேல் அவருக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது தெரிந்தது. "எதுக்கும் முதல் நாளே ஒரு தரம் நான் வந்து சொல்லிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

திங்கட்கிழமை கிராமத்துக்கே எழுதிக் கொடுத்தாள். வேலையில் சேர்ந்த முதல் காலை, நான் தொப்பியைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, சாவியைக் கையில் சுற்றியபடி சந்து முனைக்கு வந்தேன். மாமியார் பின்னால் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்; ஸ்டூலையும் கூடவே ஏற்றிக்கொண்டிருந்தார். என் மனைவி டிரைவர் ஸீட்டில் இருந்தாள். கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன்.

"உங்களுக்கு ஆபீஸ் இல்ல?"

இருந்தது. ஒக்கலிபுரம் பஸ் ஸ்டாப் வரை கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டாள். இறங்கியதும் ஜன்னலில் சாய்ந்து, ஓடையில் எந்த கியர், எந்தப் பாறைக்கு இடது பக்கம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னாலிருந்து மாமியார், "நேரமாவுது, அவர் சொல்ற இடது பக்கத்தைக் கேட்டா நாம வயலுக்குத்தான் போவோம்" என்றார்.

ஜீப் கிளம்பியது. ரயில்வே பாலத்துப் பக்கம் திரும்பியது. திருப்பம் முடிந்ததும் அவள் ஸ்டியரிங்கை லேசாக விட்டதைப் பார்த்தேன். அது அவள் உள்ளங்கைக்குக் கீழே தானாகச் சுழன்று நேருக்கு வந்தது. அவள் திரும்பிப் பார்த்துக் கை காட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ரோட்டைப் பார்த்துப் போய்விட்டாள்.

என் பஸ் வந்தது. தொப்பியோடு ஏறினேன். உள்ளே நிற்கத்தான் இடம். கண்டக்டர், "முந்தே ஹோகி சாமி, முந்தே ஹோகி" என்று முதுகில் தள்ளினார். முன்னால் போனேன்.